ட்ரோல் அண்ட் லாக் பேர்ட்: சைடு டெக்கில் மூணு இடம் கொடுக்கலாமா?

சைடு_பதினஞ்சு:
யூ-கி-ஓ கார்டு விளையாட்டுப் போட்டிக்கு சைடு டெக் (கேம்களுக்கு நடுவில் மெயின் டெக்கோட மாத்திக்கிற கூடுதல் கார்டுகள்) கட்டும்போது பலர் எதிராளி டெக்கில் எத்தனை சர்ச் கார்டு (டெக்கிலிருந்து வேணும்கிற கார்டைக் கைக்கு எடுக்கிறது) இருக்குன்னு எண்ணிட்டு ட்ரோல் அண்ட் லாக் பேர்டைச் (சுருக்கமா ட்ரோல்) சேர்க்கிறாங்க. அந்தக் கணக்கு உதவாது. ட்ரோல் முதல் சர்ச்சைத் தடுக்கிறதில்லை. மெயின் டெக்கிலிருந்து ஒரு கார்டு எதிராளி கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இதைக் கையிலிருந்து கிரேவ்யார்டுக்கு, அதாவது பயன்படுத்தின கார்டுகள் போற இடத்துக்கு, அனுப்ப முடியும் (டிரா ஃபேஸில் எடுக்கிறது கணக்கில்லை). அப்புறம் அந்த டர்ன் முடியிறவரை ரெண்டு பேருமே டெக்கிலிருந்து கைக்கு எதையும் சேர்க்க முடியாது, எஃபெக்டால் டிரா பண்றதும் கிடையாது. ஆக, முதல் சர்ச்சில் கிடைச்சதை மட்டும் வெச்சுக்கிட்டு அவர் எங்கே போய் நிக்கிறார்ங்கிறதுதான் கேள்வி. எந்த டெக் எதிரில் எப்படி வேலை செஞ்சதுன்னு எழுதுங்க.

கல்லறைக்காவல்:
பிராண்டட் டெக் எதிரில் ட்ரோலைக் கொண்டுவரவே வேண்டாம். அதோட ஆலுபெர் மான்ஸ்டர் இறங்கினதும் பிராண்டட் ஃப்யூஷன் ஸ்பெல்லை எடுத்துடும். நீங்க ட்ரோல் போடும்போது அது ஏற்கெனவே கையில். அந்த ஸ்பெல் டெக்கில் இருக்கிற கார்டுகளையே மெட்டீரியலா எடுத்துக்கும், கைக்கு எதையும் சேர்க்காது. அங்கே ஆஷ் ப்ளாசம்தான் (டெக்கைத் தொடுற எஃபெக்டைக் கையிலிருந்தே தடுக்கிற கார்டு) மருந்து.

ஸ்னேக்-ஐ ஆளை ஏமாத்துற டெக். பார்க்க சர்ச் நிறைய. ஆனா வான்டட் ஸ்பெல் மூலமா டயபெல்ஸ்டார் மான்ஸ்டர் கைக்கு வந்ததும் ட்ரோல் போட்டீங்கன்னு வெச்சுக்குங்க. டயபெல்ஸ்டார் இறங்கி ஒரு சின்ஃபுல் ஸ்பாயில்ஸ் கார்டை டெக்கிலிருந்து நேரா செட் பண்ணும். செட் பண்றது கைக்குச் சேர்க்கிறது இல்லை, ட்ரோல் அதைத் தொடாது. ஒரிஜினல் சின்ஃபுல் ஸ்பாயில்ஸ் டெக்கிலிருந்து ஸ்னேக்-ஐ ஆஷைக் களத்தில் இறக்கும். ஸ்னேக்-ஐ ஆஷின் சர்ச் மட்டும் அடைபடும். பக்கத்தில் அனுப்ப இன்னொரு ஃபேஸ்-அப் கார்டு இருந்தா போதும், ஆஷோட ரெண்டாவது எஃபெக்ட் டெக்கிலிருந்து ஃப்ளாம்பெர்ஜ் மான்ஸ்டரைக் கொண்டுவந்துடும். ஆஷ் எடுக்கிற பாப்லர் மான்ஸ்டர் போயிடும், ஒரு அடுக்கு குறையும், அவ்வளவுதான். மூணு இடம் கொடுக்கிற அளவுக்கு அது போதாதுன்னு நினைக்கிறேன்.

ரெண்டாம்_டர்ன்:
ஸ்ப்ரைட் டெக் எதிரில் ட்ரோல் நடுத்தரம். ப்ளூ மான்ஸ்டர் சர்ச் பண்ணி ஜெட் மான்ஸ்டர் கைக்கு வந்ததும் ட்ரோல் போட்டா, ஜெட் களத்துக்கு வரும், ஆனா ஸ்பெல்/ட்ராப் எடுக்காது. இருந்தாலும் ரெண்டு லெவல் 2 மான்ஸ்டர் நிக்குது. ரெண்டும் சேர்ந்து ஜைகான்டிக் ஸ்ப்ரைட் ஆகி டெக்கிலிருந்து இன்னொரு லெவல் 2-ஐ ஸ்பெஷல் சம்மன் பண்ணும், அதுவும் அடைபடாது. பெண்டுலம் டெக்கில் எலெக்ட்ருமைட் மான்ஸ்டர் எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து (மெயின் டெக்குக்கு வெளியே இருக்கிற தனி டெக்) கைக்கு எடுக்கிறது ட்ரோலுக்கு வெளியே. அதோட டிரா மட்டும் உள்ளே.

ஃப்ளூவண்டரீஸ், கஷ்டிரா டெக் ரெண்டுக்கும் ஒரு எச்சரிக்கை. ட்ரோலைக் கிரேவ்யார்டுக்கு அனுப்புறது அதோட காஸ்ட் (எஃபெக்டுக்கு முன்னாடி கட்ட வேண்டிய விலை). டைமன்ஷன் ஷிஃப்டர் வேலை செய்யும்போதோ கஷ்டிராவோட அரைஸ்-ஹார்ட் களத்தில் இருக்கும்போதோ கிரேவ்யார்டுக்குப் போற கார்டு ஆட்டத்தை விட்டே விலகிடும், அதனால் அந்தக் காஸ்ட்டைக் கட்ட முடியாது. ஆஷ் ப்ளாசத்தோட காஸ்ட் 'டிஸ்கார்டு' (கையிலிருந்து கழிக்கிறது) என்பதால் அதுக்கு இந்தத் தொல்லை இல்லை. கையில் ட்ரோலை வெச்சுக்கிட்டு அவர் சர்ச் பண்றதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் இதில் பெரிய எரிச்சல்.

நாற்பது_கார்டு:
எண்ணிக்கை பற்றி. 40 கார்டு டெக், 5 கார்டு கை. ஒரு பிரதின்னா 12.5%, ரெண்டுன்னா 23.7%, மூணுன்னா 33.8%. எதிராளியின் முதல் டர்னில் தேவைப்படுகிற கார்டு இது, அதனால் நீங்க அப்புறம் டிரா பண்ற ஆறாவது கார்டைக் கணக்கில் சேர்க்காதீங்க. 60 கார்டு டெக்கில் மூணு பிரதி வெச்சாலும் 23.3%தான். 40-இல் மூணு வெச்சா ரெண்டோ அதுக்கு மேலோ ஒண்ணா கைக்கு வர்றது 3.6%. ரெண்டாவது அந்த டர்னில் சும்மா கிடக்கும், கால்டு பை த கிரேவ் (கிரேவ்யார்டில் இருக்கிற மான்ஸ்டரை நீக்கி அதன் எஃபெக்டை அடைக்கிற ஸ்பெல்) விழுந்தாலும் கைகொடுக்காது, ஏன்னா அதே பேர் உள்ள எஃபெக்ட் எல்லாம் அடைபட்டுடும்.

அதனால் என் கருத்து, வெச்சா மூணு வைங்க, இல்லன்னா வேண்டாம். ஒண்ணு மட்டும் வைக்கிறது சீட்டு குலுக்கல்.

எப்போ உள்ளே? முதல் கேம் ஜெயிச்சா, தோத்தவர்தான் யார் முதல்னு முடிவு பண்ணுவார், பெரும்பாலும் தானே முதலில் ஆடுவார். அப்போ உள்ளே. நீங்க தோத்து நீங்களே முதலில் ஆடப் போறீங்கன்னா வெளியே.

செயின்_லிங்க்:
மேலே விட்டுப்போனது: ஃபுவாலோஸ் (எதிராளி டெக்கிலிருந்தோ எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்தோ மான்ஸ்டர் இறக்கும்போதெல்லாம் உங்களுக்கு டிரா தர்ற கார்டு) வெச்சிருக்கிறவங்க கவனிங்க. எதிராளி டர்னில் ஃபுவாலோஸ் டிரா ஓடிக்கிட்டு இருக்கும்போது ட்ரோல் போட்டா உங்க டிராவும் நின்னுடும். ரெண்டும் ஒரே கையில் வந்தா ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும். மாறா, உங்க டர்னில் அவர் ஃபுவாலோஸ் போட்டா முதல் டிராவுக்கு அப்புறம் ட்ரோல் போட்டு அவரை நிறுத்தலாம். நீங்க சர்ச் எல்லாம் முடிச்ச பிறகு செஞ்சா நஷ்டமில்லை.

தெரிஞ்ச எதிராளி தப்பிக்கிற வழி ரெண்டு. ஒண்ணு, ரெண்டு சர்ச் எஃபெக்ட்டை ஒரே செயினில் அடுக்குவார். செயின் முழுசும் முடிஞ்ச பிறகுதான் ட்ரோலுக்கு வாய்ப்பு, அதுக்குள்ள ரெண்டும் கைக்கு வந்துடும். இன்னொண்ணு, ட்ரோல் ஒரு மான்ஸ்டர் எஃபெக்ட், அதனால் எதிராளி மான்ஸ்டர் எஃபெக்ட் போட்டா மட்டும் வேலை செய்யிற ட்ரிப்பிள் டாக்டிக்ஸ் த்ரஸ்ட் ஸ்பெல் அவருக்குத் திறந்துக்கும். உங்க பக்கம் மான்ஸ்டர் இல்லாதபோது அது செட் மட்டும்தான் பண்ணும், அந்த டர்னில் அந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது. அதே மாதிரி திறக்கிற ட்ரிப்பிள் டாக்டிக்ஸ் டேலண்ட்ஸின் ரெண்டு டிரா அடைபடும், ஆனா உங்க கையைப் பார்த்து ஒரு கார்டை டெக்குக்கு அனுப்புறது நடக்கும்.

சைடு_பதினஞ்சு:
சோதிக்க எளிய வழி: எதிராளியின் டெக் லிஸ்ட்டை அச்சடிச்சு (ப்ராக்ஸி, அதாவது நகல் கார்டு போதும்) 5 கார்டு எடுத்து, முதலில் ஆடுறவரா ஆடுங்க. அதே கையை ரெண்டு தடவை: ஒருதடவை தடையில்லாம, ஒருதடவை முதல் சர்ச் முடிஞ்சதும் ட்ரோல். கடைசியில் களத்தில் நிக்கிற தடைகள் எத்தனைன்னு எழுதுங்க. 20 கையாவது வேணும். அதே 20 கையில் ஆஷ் ப்ளாசம் போட்டும் பாருங்க, ட்ரோல் அதைவிடக் குறைவா வெட்டினா அந்த இடம் வேற கார்டுக்கு. முதல் சர்ச்சே பாட் ஆஃப் ப்ராஸ்பெரிட்டியா (டெக்கின் மேல் கார்டுகளிலிருந்து ஒண்ணைக் கைக்கு எடுக்கிற ஸ்பெல்) வர்ற கைகளைத் தனியா குறிச்சு வைங்க, அங்கேதான் ட்ரோல் நல்லா வெட்டும்.