கணவர் விசாவில் வந்து மாட்டிக்கொண்டவர்கள்: லண்டன் அனுபவங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:
எனக்கு ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக் ரிசப்ஷனில் வேலை. 8 வார ஊசிக்குப் பிள்ளையோடு கணவனும் மனைவியும் வந்தார்கள். பெயர் கேட்டாலும் அவர், பால் குடிக்கிறதா என்றாலும் அவர். பார்க்கிங் டிக்கெட் போட அவர் வெளியே போன இரண்டு நிமிடத்தில், “அக்கா, நான் வீட்டை விட்டுப் போனால் என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்களா?” என்று தமிழில் கேட்டாள். அவளிடம் போன் இல்லையாம். பேப்பர் கொடுத்தால், கைப்பையைத் துழாவுவாராம். மேசையில் பிள்ளையின் எடை, ஊசி எல்லாம் குறிக்கும் சிவப்புப் புத்தகம் கிடந்தது. எடை குறிக்கும் பக்கத்தின் மூலையில் குடும்ப வன்முறை ஹெல்ப்லைன் நம்பரை, 0808 2000 247, எடை மாதிரியே பிரித்துப் பிரித்து எழுதினேன். டாக்டரிடமும் சொன்னேன், குறித்துக்கொண்டார். 12 வார ஊசிக்கு மாமியார்தான் வந்தார். புத்தகத்தைத் திறந்தால் அந்த மூலை மட்டும் இல்லை. கிழித்தது அவளா, அவரா?

ஹாரோ மல்லி:
ஏற்றிவிட மாட்டார்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் அக்கா. நம்பரைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரும் “விசா கொடுக்கும் ஹோம் ஆபிசுக்கு ஒரு மெயில் போட்டால் அடுத்த பிளைட்டில் நீ சென்னையில்” என்று சொல்லியே 3 வருடம் ஓட்டினார், நானும் நம்பினேன். அவர் பிரிட்டிஷ் சிட்டிசன், நான் ஸ்பௌஸ் விசா. வெளியே வந்த அன்று மகனின் ஸ்கூல் ஆபிசில் உட்கார்ந்து வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் ரெஃப்யூஜ் ஒவ்வொன்றுக்காகப் போன் போட்டால் இரண்டாவது கேள்வியே “நோ ரிகோர்ஸா?” அரசு உதவிப் பணம் கிடையாது என்று விசாவில் இருந்தால் வாடகை வராது, அதனால் இடமில்லை. ஐந்தாவது போனில் ஒருத்திதான் கன்செஷன் ஃபாரம் (வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கான சலுகை விண்ணப்பம்) பற்றிச் சொன்னாள். 3 மாத விசா, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணம் கேட்கலாம், வேலைக்கும் போகலாம். அதற்குள் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் ஐஎல்ஆருக்குப் போட வேண்டும், கையில் காசில்லை என்று காட்டினால் கட்டணம் தள்ளுபடி. போலீஸ் கேஸ் என்னிடம் இல்லவே இல்லை, ஜிபி கடிதமும் ரெஃப்யூஜ் கடிதமும்தான். ஐஎல்ஆர் வந்துவிட்டது. ஆனால் போனை எடுத்தாலே அந்த “நோ ரிகோர்ஸா?” காதில் கேட்கிறது. யாராக இருந்தாலும் யோசிக்காமல் முதலில் அந்த ஃபாரத்தைப் போடுங்கள்.

கோவைத்தம்பி:
மல்லி அக்கா, “யோசிக்காமல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். என் சித்தி மகள் அப்படித்தான் போட்டாள். அவள் கணவர் ஐடி, ஸ்கில்டு வொர்க்கர் விசா, இவள் அவர் விசாவைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். இவர்களுக்கும் அந்த 3 மாதம் உண்டு, ஆனால் அதை வைத்து ஐஎல்ஆர் கேட்க முடியாது, கையிலிருந்த விசாவும் அதோடு போய்விடும். முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராத்திரி போன் செய்து “அடுத்து என்ன ஃபாரம் அண்ணா?” என்றாள். பதில் தெரியாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அதனால் முதலில் எந்த விசா என்று பாருங்கள். லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) வக்கீலையோ பதிவுள்ள ஆலோசகரையோ பிடியுங்கள், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ‘விசா பார்க்கும்’ அண்ணன்மார் வேண்டாம். இப்போது எல்லாம் ஈவிசா, ஆன்லைன் கணக்கில்தான் விசா இருக்கும், அதன் மெயிலும் நம்பரும் கணவருடையதாக இருந்தால் உள்ளேயே போக முடியாது, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஆளுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். பேச முடியாத நேரத்தில் மொபைலில் அவசர எண் 999 அடித்து, அவர்கள் கேட்டதும் 55 அழுத்துங்கள். லீவுக்கென்று ஊருக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருகிற புண்ணியவான்களும் உண்டு. அப்படி விடப்பட்ட ஸ்பௌஸ் விசாக்காரர்கள் 2024 ஜனவரி முதல் அங்கிருந்தே ஐஎல்ஆருக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் ஈஸ்ட்ஹாம் அக்கா, தயவுசெய்து மாமியாரிடம் எதுவும் விசாரித்துவிடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
விசாரிக்கவில்லை தம்பி. மல்லி சொன்னது சரிதான், நான் வக்கீல் இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். என்ன விசா என்றுகூடக் கேட்கவில்லை. 16 வார ஊசித் தேதி போன வாரம் முடிந்துவிட்டது, யாரும் வரவில்லை. இரண்டு தடவை மெசேஜ் போயிருக்கிறது. எங்கள் பதிவில் இருப்பது அவர் நம்பர்தான்.