பேக்கப் இருக்கிறது, ஆனால் கைக்கு வரவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, உற்பத்தி நிறுவன ஐடி:

ஸ்டோரேஜ் பிரச்சினை என்றாலே "இடம் போதவில்லை" என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். இடம் போதாவிட்டால் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நான் பட்ட பாடு வேறு.

ஒரு பழைய வரி வழக்குக்காக 2014-ஆம் ஆண்டுக் கணக்கு ஃபைல்களை நிதிப் பிரிவு கேட்டது. பதிவேட்டைப் பார்த்தால் பேக்கப் டேப்பில் (காந்த நாடாவில்) இருக்கிறது. டேப்பும் அலமாரியில் இருந்தது, லேபிள்கூட அழியவில்லை. ஆனால் அது எல்டிஓ-5, அதாவது எல்டிஓ வகை டேப்பின் ஐந்தாம் தலைமுறை. எங்களிடம் இப்போது ஓடுவது எல்டிஓ-8 டிரைவ். எல்டிஓ-7 வரை டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தன. எட்டில் அது ஒரு தலைமுறையாகக் குறைந்துவிட்டது. ஆக, எங்கள் டிரைவ் ஏழையும் எட்டையும் தாண்டி எதையும் தொடாது. ஒழுங்காக வைத்தால் டேப் 30 ஆண்டு தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அதைப் படிக்கும் பெட்டி எத்தனை நாள் கிடைக்கும் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

நிதிப் பிரிவு மேலாளர், "டேப்தான் இருக்கிறதே சார், போட்டு எடுக்க வேண்டியதுதானே?" என்றார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால், "இதையெல்லாம் இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரித்தார்கள். கடைசியில் பழைய சர்வர் சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் எல்டிஓ-6 டிரைவ் கிடைத்தது. அதற்கேற்ற கார்டு, கேபிள் எல்லாம் தனியாகத் தேட வேண்டியிருந்தது. அப்புறம்தான் அடுத்த தலைவலி. அந்தக் காலத்து பேக்கப் மென்பொருளை நிறுவனம் எப்போதோ கைவிட்டுவிட்டது, கேட்டலாக்கும் போய்விட்டது. டேப்பை முழுக்க ஓட்டிப் புதிதாகப் பட்டியல் எடுத்தால்தான் எந்த ஃபைல் எங்கே என்று தெரியும். அதற்குப் பழைய லைசென்ஸ் வேண்டும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128-இன்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால் அதற்கு மேலும் இழுக்கும். அதற்குள் டிரைவ், மென்பொருள், அதைத் தெரிந்த ஆள் மூன்றும் மாறிவிடுகின்றன.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

பெங்களூரு, கிளவுட் பணி:

டேப்பை விட்டுவிட்டு கிளவுடுக்கு வந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள் சார், அது வேறு உருவத்தில் வருகிறது. ஒரு வாடிக்கையாளர் பழைய லாக் (சர்வர் நடவடிக்கைப் பதிவு) எல்லாவற்றையும், அரிதாகவே தொடும் தரவுக்கான மிக மலிவான ஆர்க்கைவ் அடுக்குக்குத் தள்ளியிருந்தார். தணிக்கையாளர் மறுநாள் காலையில் கேட்டார். அந்த அடுக்கிலிருந்து எடுக்க 12 மணி நேரம், கட்டணம் குறைந்த வழியில் என்றால் 48 மணி நேரம் வரை. தணிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கும் காசு உண்டு. வெளியே இறக்கினால் ஜிபி கணக்கில் அதற்குத் தனி.

இன்னொன்று, "அழித்துவிட்டோம், பில் ஏன் குறையவில்லை?" என்ற கேள்வி. வெர்ஷனிங் (ஃபைலின் பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் அழிப்பது என்பது மேலே ஒரு குறி வைப்பதுதான், பழைய பிரதிகள் அடியில் அப்படியே கிடக்கும். பாதியில் நின்றுபோன அப்லோடுகளின் துண்டுகளும் அப்படித்தான். சாதாரணப் பட்டியலில் இரண்டும் கண்ணில் படாது, பில்லில் மட்டும் வரும்.

மதுரை, மருத்துவமனை ஐடி:

எங்கள் கதை நேர் எதிர். ஸ்கேன் படங்களை அழிக்க எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார், அதில் நியாயமும் உண்டு. ஆல் ஃபிளாஷ் (முழுக்க எஸ்எஸ்டி) ஸ்டோரேஜ் பெட்டி விற்க வந்தவர், டீடியூப்பும் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைப்பது) கம்ப்ரஷனும் (சுருக்குவது) சேர்ந்தால் 4 டிபி தரவு 1 டிபியில் அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களை இன்னும் என்ன சுருக்குவது? கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாகவே உட்கார்ந்தது. வாங்கும் முன் உங்கள் சொந்தத் தரவில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அந்த விகிதத்தை எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

கோவை, உற்பத்தி நிறுவன ஐடி:

மதுரை நண்பருக்கு ஒரு கேள்வி. அவ்வளவு படங்களுக்கும் பேக்கப் எடுக்கிறீர்களா?

மதுரை, மருத்துவமனை ஐடி:

சமீபத்திய ஆண்டுகளுக்கு மட்டும். மற்றதற்கு பட்ஜெட் கேட்டு எழுதியிருக்கிறோம்.

சென்னை, வங்கித் துறை:

இந்த பதிலைப் பார்த்ததும் கொரியா ஞாபகம் வந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் தென்கொரிய அரசின் தேசிய டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆளுக்கு 30 ஜிபி வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த, அரசின் சொந்த கிளவுட் சேமிப்பகமான ஜி-டிரைவ் அதில் போய்விட்டது. மொத்தம் 858 டிபி. வெளியே பேக்கப் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கொள்ளளவு மிகப் பெரியது, வேகம் குறைந்தது, அதனால் வெளி பேக்கப் எடுக்க முடியவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் அதிலேயே வைக்க வேண்டும் என்று தன் ஊழியர்களுக்கு விதி போட்டிருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகத்துக்குத்தான் பலத்த அடி. சொந்தக் கணினியில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நாமெல்லாம் "லோக்கலில் சேமிக்காதீர்கள்" என்று சுற்றறிக்கை விடும் ஆட்கள்!

பேக்கப் வேலையே தரவை அழித்த கதையும் உண்டு. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் வேலையின் பகுதியாகப் பழைய லாக்கை நீக்கும் ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் நடுவிலிருந்து புதிய ஸ்கிரிப்டைப் படித்தது, எந்த இடத்தில் அழிப்பது என்று சொல்லும் மாறி வெறுமையாக இருந்தது, அழிக்கும் கட்டளை ஆய்வுக் கோப்புகள் மேல் பாய்ந்தது. சுமார் 77 டிபி, 14 ஆய்வுக் குழுக்கள். அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

ஓசூர், சர்வீஸ் பார்ட்னர்:

எல்லோரும் அழிந்துபோன கதை சொல்கிறீர்கள், நான் அழிக்கவே முடியாத கதை சொல்கிறேன். ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்) பயத்தில் இப்போது எல்லோரும் கேட்பது மாற்ற முடியாத பேக்கப். ஒரு வாடிக்கையாளர் இடத்தில், வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த இன்ஜினியர் கிளவுடில் டெஸ்ட் பார்க்க ஆப்ஜெக்ட் லாக் (கெடு முடியும்வரை அழிக்க விடாத பூட்டு) போட்டார். 7 நாள் என்று கொடுக்க வேண்டியதை 7 ஆண்டு என்று கொடுத்துவிட்டார். அதுவும் கம்ப்ளையன்ஸ் முறையில். அந்த முறையில் எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கே வந்தாலும் அழிக்க முடியாது, கெடுவைக் குறைக்கவும் முடியாது. கிளவுட் கணக்கையே மூடினால்தான் உண்டு. டெஸ்ட் பார்ப்பவர்கள் கவர்னன்ஸ் முறையில் பாருங்கள், உரிமை உள்ளவர் விலக்கிக்கொள்ளலாம். கணக்கையும் தனியாக வையுங்கள். இவர்கள் உற்பத்திச் சர்வர்கள் ஓடும் அதே கணக்கில் போட்டுவிட்டதால் மூடவும் வழியில்லை. டம்மி டேட்டாவுக்கு மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.