பணியிட மனநலம்: ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, எதை எவ்வளவு நம்பலாம்?

கார்முகில் (கேள்வி)

வணக்கம். பணியிடத்தில் மனநலத்துக்கு எது உண்மையில் உதவுகிறது என்று, இருக்கும் ஆய்வுகளைத் தொகுத்து நிர்வாகத்துக்கு ஒரு பத்துப் பக்க அறிக்கை தர வேண்டும். இரண்டு பேர், ஆறு வாரம். தேடினால் வருவதில் பெரும்பகுதி தியானச் செயலி, மன அழுத்தப் பயிற்சி, யோகா வகுப்பு. அநேகமாக எல்லாமே ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்றுதான் முடிகின்றன. வேலைப்பளு, பணி நேரம், மேலாளர் நடந்துகொள்ளும் விதம் பற்றிய ஆய்வுகள் கொஞ்சம்தான், முடிவும் தெளிவாக இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செயலியே சிறந்தது என்று எழுத வேண்டிவரும். அது நியாயமாகப் படவில்லை. எங்கே தொடங்குவது, எப்படி எடைபோடுவது?

வெண்பலகை

உங்கள் சந்தேகம் சரி. 200 பேருக்குச் செயலியைக் கொடுத்து எட்டு வாரம் கழித்துக் கேள்வித்தாள் வாங்குவது சுலபம். ஒரு நிறுவனத்தின் ஷிப்ட் முறையை மாற்றிவிட்டு, மாற்றாத இன்னொரு பிரிவோடு ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும்பாடு. எதை ஆராய்வது எளிதோ அதில்தான் கட்டுரைகள் குவியும். குவியலின் உயரம் பலனைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆறு வாரத்தில் வெறுங்கையோடு தேடலைத் தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநல வழிகாட்டுதலை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பிரிட்டனில் சுகாதார வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலை (எண் என்ஜி212) வெளியிட்டது. இவற்றோடு காக்ரேன் மீளாய்வுகளை (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை முறையாகத் திரட்டி எடைபோடும் தொகுப்புகள்) அடித்தளமாக வைத்துக்கொண்டு, அவற்றின் தேடல் முடிந்த தேதிக்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் நீங்கள் தேடினால் போதும். தேடல் முடிந்த தேதியும் வெளியீட்டுத் தேதியும் ஒன்றல்ல. முறைகள் பகுதியில் அதைத் தேடி எடுங்கள்.

வழிகாட்டுதலைப் படிக்கும்போது பரிந்துரையின் வலிமை, சான்றின் உறுதி, எந்த விளைவுக்காக அந்தப் பரிந்துரை என்ற மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். மேலாளர் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் வலுவான பரிந்துரை தருகிறது, சான்றின் உறுதி நடுத்தரம். ஆனால் அந்தப் பரிந்துரை எதற்கென்றால், மேலாளரின் அறிவும் மனப்பான்மையும் நடத்தையும் மேம்படுவதற்கும், பணியாளர்கள் உதவி கேட்டு வருவதற்கும். ‘மேலாளருக்குப் பயிற்சி தந்தால் ஊழியரின் மனச்சோர்வு குறையும்’ என்று அதை மாற்றி எழுதினால் அது பிழை. இந்தத் துறை அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழையும் இதுதான்.

அடுத்து, ஒவ்வொரு ஆய்விலும் யார் யாரோடு ஒப்பிடப்பட்டார்கள் என்று பாருங்கள். இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் 2016இல் தொடங்கிய நலத்திட்ட ஆய்வில் 4,834 பேர் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் 3,300 பேருக்குத் திட்டம் தரப்பட்டது, 1,534 பேர் ஒப்பீட்டுக் குழு. இந்த இரு குழுக்களையும் ஒப்பிட்டபோது மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் உட்பட பெரும்பாலான விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே தரவில், திட்டத்தில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் திட்டம் பெரும் பலன் தந்ததுபோலத் தெரிந்தது. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்களே முன்வந்து சேர்கிறார்கள் என்பதுதான் காரணம். அது பொதுவான உடல்நலத் திட்டம், மனநலத்துக்கு நேரடிச் சான்றாகாது. ஆனால் தன்விருப்பத்தில் சேர்ந்தவர்களை வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வு குறைவு.

எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவை வைத்து 2024இல் வெளியான ஒரு கட்டுரை, செயலி, மீள்திறன் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இல்லை என்றது. தன்னார்வப் பணி மட்டும் விதிவிலக்கு. ‘எதுவும் பயனில்லை’ என்று இதைப் பலர் பகிர்கிறார்கள். ஒரே நேரத்தில் எடுத்த தரவு அது. மனம் தளர்ந்தவர்களே உதவி தேடிச் சேர்ந்திருந்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும். கட்டுரை உங்களுக்குப் பிடித்ததைச் சொன்னாலும் அளவுகோல் மாறக்கூடாது.

எண்கோணம்

மேலே சொன்னதோடு, எண்களை எடுத்து எழுதும் இடத்தில் நடக்கும் தவறுகளையும் சொல்கிறேன். அறிக்கை பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

அளவுகோலின் திசை முதலில். மனநலம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் டபிள்யூஹெச்ஓ-5 கேள்வித்தாளில் மதிப்பெண் ஏறினால் நல்லது. மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9இல் ஏறினால் மோசம். இரண்டையும் ஒரே மெட்டா அனாலிசிஸில் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடுவது) போடும்போது ஒன்றின் குறியை மாற்ற மறந்தால் முடிவே தலைகீழாகிவிடும். டபிள்யூஹெச்ஓ-5ஐச் சிலர் 0–25 என்றும், சிலர் நான்கால் பெருக்கி 0–100 என்றும் தருவார்கள். 100 அளவில் 10 புள்ளி மாறினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று வழக்கமாகக் கொள்வார்கள். 25 அளவில் அது 2.5தான். மாஸ்லாக் பர்ன்அவுட் (வேலையால் வரும் மனக்களைப்பு) கேள்வித்தாளின் மூன்று பிரிவுகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் கட்டுரையை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பிரிவுகள் தனித்தனியே பார்க்க வேண்டியவை.

திட்டப் பிழையை (standard error, சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) திட்ட விலக்கம் (standard deviation, மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) என்று எண்ணி எழுதிவிடுவது இன்னொன்று. குழுவில் 100 பேர் என்றால் விளைவு பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். தரப்படுத்திய வேறுபாடு (குழுச் சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 2ஐத் தாண்டினால் கொண்டாடாமல் மூலக் கட்டுரையின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, குழுவாரியாக (தனி ஆட்களை அல்ல, முழுக் குழுக்களையே குலுக்கி) ஒதுக்கிய ஆய்வுகள். ஒரே மேலாளரின் கீழ் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். குழுவுக்கு 30 பேர், உட்குழு ஒட்டுறவு (ஒரே குழுவினரின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு) 0.05 என்று வைத்துக்கொண்டால், 1 + (30 − 1) × 0.05 = 2.45. ஆய்வில் 600 பேர் இருந்தாலும், அதை 2.45ஆல் வகுத்தால், அதன் பலம் ஏறத்தாழ 245 பேருக்கானதுதான். இதைத் திருத்தாத கட்டுரைகளில் பி-மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரக்கூடிய வாய்ப்பு) பொய்யாகச் சிறுத்திருக்கும்.

தொடக்க நிலையையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறை மேலாளர்களுக்கு நான்கு மணி நேரப் பயிற்சி தந்த ஆய்வு 2017இல் வெளியானது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். பயிற்சி பெற்றவர்களின் குழுவில் பணி தொடர்பான மருத்துவ விடுப்பு விகிதம் 1.56%இலிருந்து 0.28 புள்ளி இறங்கியது. மற்றதில் 0.95%இலிருந்து அதே 0.28 புள்ளி ஏறியது. பி-மதிப்பு 0.049. நல்ல ஆய்வுதான், குலுக்கல் முறை, நிஜ விடுப்புப் பதிவு. ஆனால் உயரத்தில் தொடங்கியது இறங்கியிருக்கிறது, தாழ்வில் தொடங்கியது ஏறியிருக்கிறது. பயிற்சியே இல்லாமலும் இரண்டும் சராசரியை நோக்கி ஓரளவு நகர்ந்திருக்கலாம். இந்த ஒரு வாக்கியமாவது அறிக்கையில் இருக்கட்டும்.

கார்முகில்

இருவருக்கும் நன்றி. வேலையமைப்பு மாற்றங்களுக்கு ‘மிகக் குறைந்த உறுதி’ என்று எழுதினால் நிர்வாகம் அதை ‘பலனில்லை’ என்று படித்துவிடும். இதை எப்படி எழுதுவது?

வெண்பலகை

இரண்டு வகைச் சான்றையும் தனித்தனிப் பத்தியாக்குங்கள். வேலையின் எந்த அம்சம் தீங்கு செய்கிறது என்பது ஒன்று. அதை மாற்றினால் என்ன ஆகிறது என்பது மற்றொன்று.

முதல் வகைக்கு நீண்டகாலத் தொடர் ஆய்வுகள் நிறைய. ஆய்வாளர் கராசெக் 1979இல் முன்வைத்த, வேலைப்பளு அதிகமும் வேலைமீது ஊழியருக்குள்ள கட்டுப்பாடு குறைவும் சேர்ந்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த ஒரு தொகுப்பு, மனச்சோர்வு அபாயத்தோடு அதன் தொடர்பை ஆராய்ந்தது. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு அபாயம், முன்பே வெளியான ஆய்வுகளில் 1.77 மடங்கு, வெளியாகாத தரவில் 1.27 மடங்கு. வெளியீட்டுச் சாய்வை (தொடர்பு காட்டும் ஆய்வுகளே அதிகம் வெளியாவது) கழித்த பிறகும் தொடர்பு எஞ்சுகிறது, அளவு மட்டும் சுருங்குகிறது. நீங்கள் 1.27ஐ முன்னால் வையுங்கள்.

இரண்டாம் வகை மெலிந்ததுதான், ஆனால் வெறுமை இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஐடி பிரிவில், வேலை நேரத்தையும் இடத்தையும் ஊழியரே தீர்மானிக்கவும் மேலாளர் ஆதரவு கூடவும் வகைசெய்த ஸ்டார் திட்டத்தைக் குழுவாரிக் குலுக்கலில் சோதித்தார்கள். ஒரு வருடத்தில் பர்ன்அவுட்டும் மன உளைச்சலும் குறைந்தன.

வாசகத்தை இப்படி அமைக்கலாம்: “இம்மாற்றத்தின் பலன் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை. ஆனால் இது குறிவைக்கும் காரணி தீங்கானது என்பதற்குச் சான்று உள்ளது.” பக்கத்திலேயே உறுதி ஏன் குறைந்தது என்பதையும் சான்றின் உறுதியை மதிப்பிடும் கிரேடு முறையில் உறுதியைக் குறைக்கும் ஐந்து காரணங்களில் எது என்று பெயர் சொல்லிக் குறியுங்கள். எண்ணிக்கை போதாமையும் முடிவுகள் முரண்படுவதும் வேறு வேறு செய்திகள். முரண்பட்டால், மாற்றம் உண்மையில் நடந்ததா என்று துழாவுங்கள். பட்டறை நடத்தி, பட்டியல் போட்டு, அதோடு நின்றுபோன திட்டங்களும் ‘பலனில்லை’ கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

நிழல்குடை

ஒரு சேர்க்கை: செய்யக் கூடாதவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைக்கும் டிபிரீஃபிங், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று காக்ரேன் மீளாய்வு சொல்கிறது. ஊழியர் எல்லோருக்கும் மனநலப் பரிசோதனை நடத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் சாதகமாகவும் பரிந்துரைக்கவில்லை, பாதகமாகவும் பரிந்துரைக்கவில்லை. பின்தொடர் சிகிச்சைக்கு வழி இல்லாமல் பிஹெச்கியூ-9 நிரப்பச் சொல்வது, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் கண்டுவிட்டுக் கைவிடுவதாகும்.

ஏற்கெனவே மனச்சோர்வால் விடுப்பில் இருப்பவர்களைத் தனி அத்தியாயமாக்குங்கள். சிகிச்சையோடு பணி நேரத்தையும் பணிகளையும் படிப்படியாகச் சீரமைப்பதைச் சேர்த்தால் விடுப்பு நாட்கள் குறைய வாய்ப்பு அதிகம் என்று 2020 காக்ரேன் மீளாய்வு சொல்கிறது. தடுப்புத் திட்டங்களோடு இதையும் கலந்து ஒரே சராசரி போட்டால் இரண்டுமே மங்கிவிடும்.