புதுப்பிப்பு: வாசிகசாலையின் பழைய கம்ப்யூட்டர்கள் என்ன ஆச்சு

இலங்கையில தலவாக்கலைப் பக்கம் எங்க தோட்ட வாசிகசாலையில 11 பழைய கம்ப்யூட்டரும் ஒரு சாக்கு பிரின்டர் காட்ரிஜ்ஜும் கிடக்குது, என்ன செய்யலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன். பழைய இரும்புக்காரருக்கே குடுங்கன்னு சிலர் சொன்னீங்க. கேட்டுப் பார்த்தோம். வயரை எரிச்சு செம்பு எடுப்பாராம், மொனிட்டரை உடைச்சு ஆத்தோரம் கொட்டுவாராம். அந்தக் குண்டு மொனிட்டர் கண்ணாடியில ஈயம் இருக்கு. எங்க ஓடைத் தண்ணி கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகுது. மனசு கேக்கல.

தம்பிமார் ரெண்டு பேர் ராத்திரி ராத்திரியா உக்காந்து, ஒன்னோட ரேமை (நினைவகச் சில்லு) கழட்டி இன்னொன்னுல போட்டு 3 மெஷினை ஓட வச்சாங்க. பிள்ளைகள் இப்ப அதுல டைப் பழகுதுகள். அதைப் பார்க்கவே சந்தோஷமா இருக்கு.

மிச்சத்துல, பழைய ஃபைல் எல்லாம் பதிவாகியிருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வச்சிட்டு, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளர்கிட்ட லொறியில அனுப்பிட்டோம். பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க, அது முக்கியம்.

காட்ரிஜ் சாக்கைத் தூக்கும்போது டோனர் தூள் (பிரின்டர் மைத்தூள்) கொட்டி என் கையெல்லாம் கறுப்பாச்சு. பச்சத்தண்ணியில கழுவுங்க. சுடுதண்ணி பட்டா தூள் இளகி ஒட்டிக்கும்.