புதுப்பிப்பு: அண்ணா நகரில் சாப்பாடும் சீஸும் ஒரே மாலையில்

முழங்கால் வலியுள்ள, சுத்த சைவமான அம்மாவோடு அண்ணா நகரில் சாப்பிட்டுவிட்டு, பாஸ்தாவுக்குச் சீஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"காரை விட்டுவிட்டு மெட்ரோவில் டவர் ஸ்டேஷனில் இறங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்குப் படி ஏறும் வேலையே இல்லை. முதலில் சாப்பாடு, கடைசியில் கடை என்று ஒருவர் சொன்னதும் சரி. சீஸ் வீடு வரை கெட்டியாகவே இருந்தது.

எதிர்பாராதது லேபிளில் இருந்தது. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ என்ற இத்தாலியச் சீஸுக்குப் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்ப்பார்கள். அம்மா ஆசையாக எடுத்த முக்கோணத் துண்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் அதேதான். கடைக்காரரிடம் சொன்னதும், நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த, பச்சைப் புள்ளி போட்ட இந்தியச் சீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சூடான பாஸ்தாவின் மேல் துருவினால் உப்பும் மணமும் அருமை. சைவக்காரர்கள் பொருட்பட்டியலைக் கட்டாயம் படியுங்கள்.

ஆலிவ் எண்ணெய் கருநிறப் பாட்டிலில் வாங்கினேன். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.