படுகையில் கிடக்கும் துப்பாக்கி: உரியவரிடம் நேரே கொடுக்கலாமா?

கேள்வி: குடமுருட்டி ஆத்துப் படுகையில் கோரைக்குள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி கிடக்கு. யாருடையதுன்னு ஓரளவு தெரியும். கொண்டுபோய்க் கொடுத்துடலாமா?

பதில் 1: எடுக்கவே வேண்டாம் அண்ணே. உரிமம் இல்லாதவர் கையில் வைத்திருப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். திருப்பிக் கொடுக்கப் போனாலும் வழியில் பிடிபட்டால் சிக்கல்தான். 112 அவசர எண்ணில் போலீசுக்குச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள், குழல்முனைக்கு நேரே மட்டும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். விசையைத் தொடாதீர்கள், சேற்றையும் கழுவாதீர்கள், கைரேகை அழிந்துவிடும்.

பதில் 2: போலீஸ் எடுத்ததும் சி.எஸ்.ஆர் ரசீது (தகவலைப் பதிவு செய்ததற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) கேட்டு வாங்குங்கள், துப்பாக்கி எண் அதில் இருக்கட்டும். அந்த எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டுத்தான் உரியவரைக் கண்டுபிடிப்பார்கள்.

பதில் 3: உரியவருக்கும் சொல்லுங்க: துப்பாக்கி காணாமல் போனதா கொடுத்த புகாரோட நகல், நடப்பு உரிமம் ரெண்டும் வேணும். உரிமம் காலாவதியானா கைக்கு வராது. வாங்கினதும் சுட்டுப் பார்க்க வேண்டாம். சேறடைத்த குழல் வெடிச்சிடும். முதல்ல உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்கிட்ட காட்டணும்.