கேரள ஆயுர்வேத ரிசார்ட்: ஓய்வா, வைத்தியமா, வெட்டிச் செலவா?

தாமிரபரணி:
ஆடி பிறந்தால் போதும், கேரளத்தில் கர்க்கிடக மாதச் (அங்கே ஆடிக்கு அதுதான் பெயர்) சிகிச்சை என்று ரிசார்ட் விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. "ஒரே வாரத்தில் உடம்பில் உள்ள நச்சு எல்லாம் வெளியேறும்" என்கிறார்கள். எந்த நச்சு? வரும்போது எவ்வளவு இருந்தது, போகும்போது எவ்வளவு குறைந்தது? யாரும் அளந்து காட்டுவதில்லை. கழிவை அகற்ற சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. நீராவிப் பெட்டியில் உட்கார்ந்தால் வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்தால் கிடைக்கிற சுகத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டுமா?

கொங்கு மைதிலி:
சார், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உங்களுக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம், வெந்நீர் போட்டு வைக்க வீட்டில் வேறு ஒருவர் இருப்பதுதான். நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குக்கர் விசிலை எண்ணுவதும் நானே, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நானே.

பிழிச்சில் செய்துகொண்டதுண்டா? ஒரே மரத்தில் குடைந்த, தோணி மாதிரியான தொட்டியில் படுக்க வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று, வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை முக்கி, உடம்பின் மேல் பிழிந்துகொண்டே தேய்ப்பார்கள். ஆறிய எண்ணெயை உடனுக்குடன் சூடாக்கித் தருவதற்கென்று இன்னொரு பெண் இருப்பார். முடிந்ததும் பயற்றம் மாவு தேய்த்துக் குளியல். உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி என்ற மூலிகைப் பொடி வைத்து அழுத்திவிடுவார்கள், நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க. அப்புறம் கஞ்சி. அவ்வளவு நேரமும் யாரும் என்னை "அம்மா, இது எங்கே?" என்று கூப்பிடவில்லை. இதற்குக் காசு கொடுத்தால் அது வெட்டிச் செலவா?

பிசியோ பாஸ்கர்:
மசாஜ் செய்தால் தசை இறுக்கம் தளரும், மனம் அமைதியாகும், தூக்கம் நன்றாக வரும். என்னிடம் வருபவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பலன் சில நாள்தான் நிற்கும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்காருகிறவருக்கு, ஊர் திரும்பி அதே நாற்காலியில் உட்கார்ந்ததும் கழுத்துவலியும் திரும்பிவிடும்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகியவர்களுக்கு முதுகை அழுத்திப் பிடிப்பது, ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவரையும் இதய நோயாளியையும் கேள்வி கேட்காமல் நீராவிப் பெட்டியில் உட்கார வைப்பது, இதெல்லாம் ஆபத்து. முதல் நாள் ஆயுர்வேதப் பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, ரத்த அழுத்தம் அளந்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காத இடத்தில் படுக்கவே படுக்காதீர்கள்.

வடதுருவத் தமிழன்:
நான் இருப்பது ஹெல்சிங்கியில். பின்லாந்தில் மக்கள்தொகை சுமார் 56 லட்சம், சானாக்கள் (வியர்க்க வியர்க்க உட்காரும் வெப்ப அறைகள்) 30 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். கிழக்கு பின்லாந்தில் 2,300 நடுத்தர வயது ஆண்களை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு நான்கு முதல் ஏழு முறை சானா போனவர்களிடம் இதய நோய்ச் சாவு குறைவாக இருந்தது. சானாதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. திடகாத்திரமானவர்களே அதிகம் போயிருக்கலாம். ஆனால் இங்கே அது வருஷத்துக்கு ஒருமுறை போகிற சுற்றுலா இல்லை, வாராவாரம் நடப்பது. அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே சானா உண்டு, யாரும் பெரிதாகச் செலவழிப்பதில்லை.

அரும்பாக்கத்தான்:
செலவுதான் பிரச்சினை என்றால், சென்னை அரும்பாக்கத்தில் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மண் சிகிச்சை, நீர் சிகிச்சை எல்லாம் உண்டு. கடல் தெரிகிற அறையும் இளநீர் வரவேற்பும் கிடைக்காது.

தாமிரபரணி:
மைதிலி அம்மா, உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஓய்வுக்கு வைத்தியம் என்று பெயர் வைப்பதைத்தான் கேட்கிறேன். என் சித்தப்பா ஒரு மையத்துக்குப் போனார். "இங்கே இருக்கும்வரை சர்க்கரை மாத்திரை வேண்டாம், எண்ணெயும் பத்தியமுமே பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். சர்க்கரை 400-ஐத் தாண்டி, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்.

கொங்கு மைதிலி:
அது கொடுமை, அந்த இடத்தின் மேல் புகாரே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அதை வைத்து எல்லோரையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலையை பி.எஸ். வாரியர் 1902-இல் தொடங்கினார். பக்கவாதம், மூட்டுவலி என்று அங்கே வாரக்கணக்கில் தங்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரி. நான் போனது ரிசார்ட். அது என் மூட்டைச் சரிசெய்யும் என்று நினைத்து நான் போகவில்லை. மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்திருக்கப் போனேன். அடுத்த ஆடியிலும் போவேன்.

தாமிரபரணி:
தாராளமாகப் போங்கள். விளம்பரத்திலும் நீங்கள் சொன்னதையே போடட்டும்: மழை, எண்ணெய், கஞ்சி, ஓய்வு. சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. அதை மீறிப் போடுகிற விளம்பரம் என் கண்ணில் பட்டால் இனி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் அனுப்புவேன். உங்கள் கண்ணில் பட்டாலும் இங்கே போடுங்கள்.